கடைசிப் பெயருக்கு ஒரு வாக்கியம்

முதல் அநீதி, மில் மானேஜர் என் முதல் துண்டறிக்கையை வாயிற்கதவின் முன்னால் நின்று உரக்கப் படித்தது. பிழை வந்த இடமெல்லாம் நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தது, ஷிப்டு முடிந்து வெளியே வந்த என் ஆட்களையும் சிரிக்க வைத்தது. இரண்டாவது, வேலைநிறுத்த நோட்டீஸில் தேதி தப்பு என்று சொல்லி லேபர் கோர்ட் எங்கள் வழக்கைத் தூக்கி எறிந்தது. தேதி போட்டவர் வக்கீல், பழி சுமந்தவன் நான். மூன்றாவது, நான் எழுதிய அறிக்கையின் கீழே பட்டம் வாங்கிய ஒருவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டது. நான்காவது, மில்லை மூடியது. ஐந்தாவது, அவள் செத்தது. ஆறாவது, பெற்ற மகள் வளர்மதியே என்னை ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனது. இந்த வரிசை மாறக் கூடாது. முதல் நாள் அந்த ஷாகிதா, மனநல ஆலோசகர், என் மகளைவிடச் சின்னப் பெண், 'என்ன பிரச்சனைன்னு சொல்லுங்கய்யா' என்று கேட்டபோது இதே வரிசையில்தான் சொன்னேன். நான்காவதைச் சொல்லும்போது அவள் இடையில் ஏதோ கேட்டாள். நான் மறுபடி முதலாவதிலிருந்து ஆரம்பித்தேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். பிறகு, 'உங்க மனைவி இறந்ததை அநீதியில சேத்திருக்கீங்க. அதைப் பண்ணினது யாரு?' என்றாள். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன். ஐயா வேண்டாம், தோழர் என்று கூப்பிடுங்கள் என்றும் சொன்னேன். 'தோழர்னு கூப்பிட்டா நீங்க மைக் முன்னாடி பேசற மாதிரியே பேசுவீங்க. ஐயான்னே இருக்கட்டும்.' எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், துண்டறிக்கைகளைப் படித்தே படிக்கக் கற்றவன். அந்த மானேஜரின் சிரிப்புக்குப் பிறகு குறை சொல்ல இடமுள்ள ஒரு வரிகூட என் கையைவிட்டுப் போனதில்லை. கையைவிட்டுப் போகாமலே கிடந்த வரிகளைப் பற்றி யாரும் கேட்டதில்லை, ஷாகிதா கேட்கும்வரை.

இப்போது மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாண மண்டபத்து மேடை. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிம்மாசனங்களை ஓரமாகத் தள்ளிப் போர்வை போட்டு மூடியிருக்கிறார்கள். போர்வைக்கு அடியில் தங்கநிறச் சிங்கக்கால்கள் தெரிகின்றன. எங்கள் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் பேரவை. கடைசிப் பேரவை. மில் இல்லை, ஆட்கள் நரைத்துவிட்டார்கள், இனி மாவட்டச் சங்கத்தோடு சேர்ந்துவிடுகிறோம், நமக்கென்று தனியாக ஒரு நாள் இனிக் கிடையாது. குப்புராஜ் வரவேற்றுக்கொண்டிருக்கிறான். வருக வருக என வரவேற்கிறேன் என்கிறான், வருக என்றாலே வரவேற்றாயிற்று, பிறகு என்ன என வரவேற்கிறேன். முன்பெல்லாம் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அவன் கைக்கு அனுப்பியிருப்பேன். அவன் படித்துவிட்டு வியர்த்திருப்பான். இப்போது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவன் முடித்ததும் அஞ்சலித் தீர்மானம், அதை நான் படிக்க வேண்டும். போன பேரவைக்குப் பிறகு இறந்தவர்களின் பெயர்களை, இறந்த வரிசையில், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு வாக்கியம் சொல்லிப் படிப்பது எங்கள் வழக்கம். கூட்டம் எழுந்து நிற்கும். கடைசிப் பெயர் முடிந்ததும் மௌனம். அந்த ஒரு வாக்கியத்தை எழுதுகிறவன் எப்போதும் நான். சாகப் பயப்படாதவன்கூட என் வாக்கியத்துக்குப் பயந்தான். சங்கத் தலைவர் லூர்துராஜ் ஒருமுறை நெஞ்சுவலி வந்து படுத்திருந்தபோது, 'அண்ணா, எனக்கு என்னங்ணா வரி வச்சிருக்கறீங்க' என்று கேட்டான். 'நீ இன்னும் ஒண்ணும் பண்ணலையேடா' என்றேன். பிழைத்துக்கொண்டான். போன பேரவையின்போது அவள் இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தீர்மானத்தை எழுதினேன். எல்லோருக்கும் வாக்கியம் வந்தது, அவளுக்கு வரவில்லை. வெறும் பெயராகப் போவது அவமானம், அரைகுறை வாக்கியத்தோடு போவது அதைவிட அவமானம், அவளுக்குத் தகுந்ததை எழுதித் தனியாக ஒரு தீர்மானமாகவே கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் பெயரை எடுத்துவிட்டேன். கூட்டம் எழுந்து நின்றது. எல்லோருக்காகவும் மௌனமாக இருந்தது. அவளுக்கு இல்லை. வளர்மதி மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தவள், எல்லோரும் உட்கார்ந்த பிறகும் உட்காரவில்லை. பெயர் இன்னும் வரும் என்று நின்றாள்.

தனித் தீர்மானம் வரவே இல்லை. இன்று காலை லூர்துராஜ் டைப் செய்த தாளைக் கையில் வைத்து அழுத்தினான். 'அண்ணா, இந்தத் தடவ எடுத்துப்போடாதீங்க. இன்னொரு தடவைக்கு நமக்கு ஏதுங்ணா. எழுத முடியலீன்னா வெசனப்படாதீங்க, குப்புராஜ் ஒரு வரி போட்டிருக்கறான், அதைப் படிச்சுருங்க.' குப்புராஜ் போட்ட வரி கடைசியில் இருக்கிறது: சங்கத்தின் மூத்த தலைவர் தோழர் ஆறுச்சாமி அவர்களின் அன்புத் துணைவியாரும். அவ்வளவுதான். துணைவியாரும் என்று உம் போட்டவன் அடுத்து என்ன போடுவது என்று தெரியாமல் நேராகப் பெயருக்குப் போய்விட்டான். நூல் சுற்றும் வைண்டிங் பிரிவு முழுவதையும் வேலைநிறுத்தத்துக்கு வெளியே கூட்டிவந்தவளை, நான் உள்ளே ஜெயிலில் இருந்தபோது சங்க அலுவலகத்தைப் பூட்டவிடாமல் திறந்து வைத்திருந்தவளை, எனக்கு ஒட்டிய வாலாக ஆக்கிவைத்திருக்கிறான். வரிசையும் தப்பு. இதில் உள்ள எல்லோருக்கும் முன்னால் இறந்தவள் அவள். முதலில் வர வேண்டும். ஆனால் விடுபட்ட பெயர் என்பதால் கடைசியில் சேர்த்திருக்கிறார்கள், அதுவும் மாரப்பனுக்குப் பின்னால், வேலைநிறுத்தத்தில் பின்வாசல் வழியாக உள்ளே போன மாரப்பனுக்குப் பின்னால். திருத்தப் பேனா இல்லை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறேன், தட்டையாக இருக்கிறது, பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவது மாதிரி விரல் அங்கேயே போகிறது. பேனாவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்றது ஷாகிதா.

செத்தவள் நிற்கிறாள். கடைசி வரிசைக்கும் பின்னால், சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகிற கதவுக்குப் பக்கத்தில். மில்லில் போடும் நீல ஓவர்கோட்டு, தலையில் இறுக்கிய துணி, புருவத்தில் பஞ்சு. சாம்பார் வாசனை அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது, அவளுக்குள் புகுந்து வருவது போல வருகிறது. உதடு அசைகிறது. சத்தம் இல்லை. நான் பேயை நம்புகிறவன் அல்ல, பேய் ஓட்டுகிறவர்களை எதிர்த்து நோட்டீஸ் போட்டவன். அதனால் இது எனக்கு இரட்டிப்பு அவமானம். ஷாகிதாவிடம் சொன்னபோது அவள் பேய் என்றும் சொல்லவில்லை, நோய் என்றும் சொல்லவில்லை, 'வந்து என்ன செய்யறாங்க?' என்றாள். பேசுகிறாள் என்றேன். என்ன பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் வைண்டிங் பிரிவின் இரைச்சலில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, அங்கே பெண்கள் உதட்டாலும் விரலாலும்தான் பேசுவார்கள், அந்தக் கோடியில் நிற்கிறவளிடம் இந்தக் கோடியிலிருந்து நேற்று வைத்த குழம்பைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுவார்கள். வீட்டிலும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. என்மேல் கோபம் என்றால் அடுப்படியில் நின்று வளர்மதியைப் பார்த்து உதட்டை அசைப்பாள், மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். 'என்ன சொல்றா உங்கம்மா?' என்பேன். 'உங்களைப் பத்தி இல்லீங்கப்பா' என்பாள். என்னைப் பற்றித்தான். அரசு ஆணைகளைப் படித்தேன், சட்டப்பிரிவுகளைப் படித்தேன், முதலாளியின் முகத்தைப் படித்தேன். அந்த உதட்டைப் படிக்கவில்லை. சரியாகக் கற்றுக்கொள்ள நேரம் இல்லை, அரைகுறையாகக் கற்றுக்கொள்ள எனக்குப் பிடிக்காது. இப்போது மண்டபத்தின் மறுகோடியிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாள், நான் தலையை ஆட்டுகிறேன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற லூர்துராஜ் நான் குப்புராஜின் பேச்சை ஆமோதிப்பதாக நினைத்துக் கைதட்டுகிறான்.

போன பேரவைக்குப் பிறகு தினமும் சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். அவளுடைய வாக்கியத்தை. எழுதியதை அடித்து, அடித்ததைக் கிழித்து. அதில்தான் வளர்மதி பயந்து போனாள். சாப்பாடு ஆறிவிடும், விளக்கை அணைக்க மாட்டேன், யாராவது வாசலில் கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டேன், அந்த வாக்கியம் முடியாமல் வேறு எந்த வாக்கியமும் என் வாயிலிருந்து வரக் கூடாது என்பது போல. ஷாகிதா அதைக் கேட்டுவிட்டு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள்: இந்தப் பழக்கம் உங்களுக்குத் தந்தது என்ன, உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன, இரண்டையும் எழுதிக்கொண்டு வாருங்கள். நான் அதைச் சுயவிமர்சனம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் இயக்கத்தில் வளர்ந்தவன் வேறு எப்படி எடுத்துக்கொள்வான்? கமிட்டியில் எழுந்து நின்று தன் தவறுகளைத் தானே சொல்ல வேண்டும், ஒளிக்காமல், குறைக்காமல், அழாமல். எழுதினேன், பத்திரிகைக்குப் போகிற மாதிரி எழுதினேன், எடுத்துக்கொண்டது என்ற பக்கம் நிரம்பியது, தந்தது என்ற பக்கத்தில் ஒன்றுமில்லை, கடைசியில் என்மேல் நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொண்டேன். அவள் படித்தாள். சிரிக்க மாட்டாள் என்று நினைத்தேன், சிரித்துவிட்டாள். 'நடவடிக்கையா? நான் என்னங்கய்யா நடவடிக்கை எடுக்கறது?' பிறகு நிதானமாக, 'இதே மாதிரி ஒரு தோழர் உங்ககிட்ட வந்து, மனைவிக்கு ஒரு வரி எழுத முடியலன்னு அழுதா அவருக்கு என்ன சொல்லுவீங்க?' என்றாள். 'பொறுப்பிலிருந்து நீக்குவேன்' என்றேன். 'அவரு அழுதுட்டிருக்காருங்கய்யா.' நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ துவைத்த ஆஸ்பத்திரிப் போர்வைகளை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். டீ வாங்கித் தருவேன் என்று சொன்னேன். 'அதை எழுதுங்க' என்றாள்.

பிறகு போஸ்டர். அடுத்த கூட்டத்துக்குப் போஸ்டர் ஒட்டும்போது ஒன்றை மட்டும் வேண்டுமென்றே கோணலாக ஒட்டிவிட்டு எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள், என்ன நடக்கிறது என்று வந்து சொல்லுங்கள் என்றாள். இதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். கோணல் போஸ்டரை ஒட்டிய ஆளை நான் ஏணியோடு சேர்த்துத் திட்டியிருக்கிறேன், பசை காய்வதற்குள் கிழித்து மறுபடி ஒட்ட வைத்திருக்கிறேன். ஆனாலும் ஒட்டினேன். ரேஷன் கடைச் சுவரில், ஒன்று நேராக, ஒன்று கோணலாக. எதிரே டீக்கடையில் நின்றேன். உள்ளங்கை வியர்த்தது, ஓடிப்போய்க் கிழித்துவிடலாம் என்று கால் துடித்தது. இவ்வளவு பயம் போலீஸ் வேனில் ஏறியபோது இருந்ததில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள், பார்க்கவில்லை. வார்டு கவுன்சிலர் போனார், பார்க்கவில்லை. ஒரு மாடு வந்தது, நேராக இருந்ததைக் கிழித்துத் தின்றது, கோணலை அப்படியே விட்டுவிட்டுப் போயிற்று. ஷாகிதாவிடம் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், வளர்மதியின் அம்மா செத்த பிறகு முதல் தடவை. சிரித்த உடனே கதவுப்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

கைதட்டல். இன்னும் முடிக்கவில்லை, மூச்சு வாங்குகிறான் குப்புராஜ். கிளைகளின் பெயர்களைச் சொல்கிறான். எனக்கு நேரம் இருக்கிறது, ஒரு வாக்கியம், இப்போதே, பேனா இல்லாமல், மனதில். அஞ்சாதவர். பல்லிக்கு அஞ்சினாள், இடிக்கு அஞ்சினாள், நான் பேனாவோடு உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் வர அஞ்சினாள். எளிமையானவர். பட்டு என்றால் உயிர், ஜவுளிக்கடை வாசலில் நின்று கண்ணாடி வழியாகப் பார்ப்பாள், நான் முன்னால் நடந்து போய்விடுவேன். வைண்டிங் பெண்களைத் திரட்டிக் குடோன் வாசலை மறித்தவர். உண்மை. ஆனால் மகளுக்குக் காய்ச்சல் வந்ததும் அவர்களை மறுபடி வேலைக்கு உள்ளே கூட்டிப் போனவளும் அவள்தான், துரோகம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார், நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். முதலாவதை எழுதினால் பாதி, இரண்டாவதையும் எழுதினால் கூட்டத்தில் யாராவது கனைப்பான். கடைசி மூச்சு வரை சங்கத்தை நேசித்தவர். கடைசியில் அவள் ஃபேனை நிறுத்தச் சொன்னாள். அதற்கு முன்னால். அதற்குக் கொஞ்சம் முன்னால். வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன், அவள் கண்ணை மூடியிருந்தாள், மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, என் தலைக்குள் வாக்கியம் தொடங்கிவிட்டது. நான் தொடங்கவில்லை. அது தானாக, பழக்கத்தில், இத்தனை பேருக்கு எழுதிய பழக்கத்தில், எழுவாயைத் தேடிக்கொண்டு, அடைமொழியைப் போட்டுப் பார்த்துக்கொண்டு. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். என் உதடு அசைந்திருக்க வேண்டும். உதட்டைப் படிக்கத் தெரிந்தவள். 'ஏனுங்க, என்னையப் பத்தியா?' 'இல்லை' என்றேன். 'அப்பச் செரி. அந்த ஃபேனைச் சித்த நிறுத்துங்க, குளுருது.' எழுந்து போய் நிறுத்தினேன், சுவிட்ச் எது என்று தெரியவில்லை, ஒன்றை அழுத்தினால் எதிர்வரிசை விளக்கு அணைந்தது, திரும்பி வந்தேன், அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம் இல்லை, பிறகு அதுவும் இல்லை. அவள் எதைப் படித்தாள்? எவ்வளவு தூரம் படித்தாள்? அந்த வாக்கியத்தில் அவள் இறந்தகாலத்தில் இருந்தாள். அதற்குப் பிறகு நான் எந்த வாக்கியத்தைத் தொடங்கினாலும் அது அந்த வாக்கியம்தான். இதை ஷாகிதாவிடம் சொல்லி முடித்தபோது அவள் ஒரு பெரிய வசனம் பேசுவாள் என்று பயந்தேன். பேசியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். பேனாவை மூடி வைத்தாள். பிறகு, 'அவங்களை முழுசாச் சொல்ற வரி ஒண்ணு இருக்குன்னு நினைக்கறீங்களா?' என்றாள். இருந்தால் அதை எழுதியிருப்பேன் என்றேன். 'அப்ப இல்லாததுக்காகத்தான் அந்தப் பேரு காத்திட்டிருக்குதுங்களா?' வரி முடியவில்லை என்றால் முடியாமலே போய் நில்லுங்கள், எல்லோருக்கும் முன்னால், அந்தப் படபடப்பை ஓட்டிவிடாமல் அதோடு நில்லுங்கள், என்ன ஆகிறது என்று வந்து சொல்லுங்கள் என்றாள், போஸ்டருக்குச் சொன்ன அதே குரலில்.

'அண்ணா.' லூர்துராஜ் தோளைத் தொடுகிறான். 'உங்களைத்தானுங்ணா.' குப்புராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்கிறான், 'எப்படியிருந்துதுங்ணா?' என்று குனிந்து கேட்கிறான், அவன் கண்ணில் அந்தப் பழைய பயம், நான் ஆட்களுக்குக் கொடுத்த பயம், மானேஜர் எனக்குக் கொடுத்து நான் சில்லறை மாற்றிப் பல பேருக்குக் கொடுத்த பயம். 'நல்லா இருந்துதுடா' என்கிறேன். அவன் நம்பவில்லை. எழுகிறேன். மைக் உயரம் தப்பாக இருக்கிறது, சரிசெய்யாமல் நிற்கிறேன். நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம், முழங்கால் வலிக்காரர்கள் முன்னால் இருக்கிறவர் தோளைப் பிடித்து எழுகிற சத்தம், பிறகு எல்லோரும் நிற்கிறார்கள். படிக்கிறேன். குரல் பழக்கத்தில் தானாக ஏறுகிறது. அடைக்கப்பட்ட ஆலை வாசலில் இறுதிவரை கொடி பிடித்த தோழர் ரங்கசாமி. இரவுப் பள்ளி நடத்திப் பல தொழிலாளரைக் கையெழுத்திட வைத்த தோழர் இருதயமேரி. பிறகு மாரப்பன், அவனுக்கும் நான்தான் எழுதினேன், பின்வாசலிலிருந்து முன்வாசலுக்கு வர ஒரு மனிதன் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று தெரிந்து எழுதினேன், நல்ல வாக்கியம், படிக்கிறேன். பிறகு குப்புராஜின் வரி. தோழர் ஆறுச்சாமி அவர்களின். என் பெயரைத் தாளில் பார்க்கிறேன். வாயில் எடுக்கவில்லை. நிறுத்திவிட்டேன். மண்டபத்தில் ஃபேன் ஓடுகிறது. உள்ளங்கை வியர்க்கிறது, கால் துடிக்கிறது, இதோ அது, ஓட்டிவிடாமல் அதோடு நிற்கிறேன். யாரோ இருமுகிறார்கள். லூர்துராஜ் என் பக்கம் ஓரடி எடுத்து வைக்கிறான். தாளை மடிக்கிறேன். பெயருக்கு முன்னால் வாக்கியம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது, எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள், ஆறுச்சாமிக்கு வரி வரவில்லை என்று பார்க்கிறார்கள், பார்க்கட்டும். வைண்டிங்கில் அவளோடு நின்ற கிழவிகள் இடதுபக்கம் கைகோத்து நிற்கிறார்கள். மூன்றாவது வரிசையில் வளர்மதி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு என்னையே பார்க்கிறாள். வீட்டில் ஒருநாளும் இவள் அம்மாவை நான் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக்கில் என் மூச்சு கேட்கிறது. அதற்குப் பிறகு என் குரல் கேட்கிறது, ஏற்ற இறக்கம் தப்பி:

"தோழர் மயிலாத்தாள்."